ஒளிக்கு இரு மொழி

நம் சங்கத்தின் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பைக் குறித்துச் சென்ற மாதக் கூட்டத்தில் எழுந்த வாதத்தை அன்பர்கள் மறந்திருக்கமாட்டார்கள். பள்ளியிலே மலையாளமும் ஆங்கிலமும் பயிலும் பிள்ளைக்கு, வீட்டிலே தமிழ் என்னும் மூன்றாவது சுமையும் வேண்டுமோ என்று பெற்றோர் சிலர் கேட்டனர். அவ்வினாவிற்கு அன்று நாம் விடை பகரவில்லை. இம்மாதம் இப்பகுதியில் பௌதிக விஞ்ஞானத்தில் ஒரு வரலாற்றை எழுதுவதாக முன்னரே ஒப்புக்கொண்டிருந்தோம். எழுதத் தொடங்கிய பின்னரே, அவ்வரலாறு மேற்படி வினாவிற்கும் ஒருவாறு விடை கூறுகின்றது என்பது நமக்குப் புலனாயிற்று. ஆதலின் இரண்டையும் சேர்த்தே சொல்லப் புகுகின்றோம்.

திருவனந்தபுரத்தில் புதிதாகக் குடியேறும் தமிழர் எவரும் முதல் வாரத்திலேயே சில சொற்களில் இடறி விழுவது வழக்கம். சாலைக் கடைத்தெருவில் ஒருவர் ‘வெள்ளம்’ கேட்டால் நாம் ஆற்றுப் பெருக்கை நினைத்துத் திகைக்கின்றோம். அவரோ குடிதண்ணீரைக் கேட்கின்றார். ‘சம்சாரம்’ என்றால் நமக்கு இல்லாள், அவர்க்கு உரையாடல். ‘அவசரம்’ என்றால் நமக்கு விரைவு; அவர்க்கு வாய்ப்பு. இவ்வளவு இருந்தும் வியாபாரம் தடையின்றி நடைபெறுகின்றது. பெரும்பாலான சொற்கள் ஒன்றுக்கொன்று நேராகப் பொருந்துகின்றன. பொருந்தாத சிற்சில இடங்களிலேதான் இரண்டு மொழிகளின் தனி இயல்பும் நமக்கு விளங்குகின்றது. இக்கருத்தை அன்பர்கள் மனத்தில் இருத்திக்கொள்ளல் வேண்டும். நாம் சொல்லப்போகும் விஞ்ஞானக் கதையும் ஓர் அகராதியின் கதையே.

வீட்டுக் கூடத்தில் ஆடும் ஊஞ்சலை எடுத்துக்கொள்வோம். ஒரு கணத்தில் அது எங்கே நிற்கின்றது என்று மட்டும் சொன்னால் அதன் நிலைமை முழுவதும் தெரிந்துவிடாது. நடுவிடத்தில் இருக்கும் ஊஞ்சல் ஓய்ந்து நிற்பதாகவும் இருக்கலாம். முழு வேகத்தோடு கடந்து செல்வதாகவும் இருக்கலாம். ஆகவே இடத்தோடு அதன் உந்தத்தையும், அதாவது நிறையையும் வேகத்தையும் பெருக்கி வரும் அளவையும், சொல்லுதல் வேண்டும். ஒரு தாளில் கிடைக்கோட்டில் இடத்தையும் நெடுக்கோட்டில் உந்தத்தையும் குறித்தால், ஊஞ்சலின் நிலைமை ஒரே புள்ளியாகிவிடும். ஊஞ்சல் ஆட ஆட அப்புள்ளி நீள்வட்டமாகச் சுற்றி வரும். ஆட்டம் குறையக் குறையச் சுருளாக நடுவை நோக்கிச் செல்லும். இந்தத் தாளுக்குத்தான் பௌதிகர் ‘கட்டவெளி’ என்று பெயர் வைத்தனர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் போல்ட்ஸ்மன், கிப்ஸ் முதலிய பேரறிஞர்கள், எண்ணற்ற அணுக்களைக் கொண்ட ஒரு வாயுவின் நிலைமையை இக்கட்டவெளியில் புள்ளிகளின் கூட்டமாகக் கண்டு, எப்பகுதியில் கூட்டம் அடர்ந்துள்ளது, எப்பகுதியில் அருகியுள்ளது என்னும் நிகழ்தகவுக் கணக்கினால் வெப்பத்தின் விதிகளை விளக்கினர். இதுவே பழைய பௌதிகத்தின் மொழி.

1925-ம் ஆண்டில் ஹைசன்பர்க், போர்ன், ஜோர்டன் ஆகியோர் குவாண்டம் இயக்கவியலைத் தோற்றுவித்தபோது ஒரு புதிய மொழி பிறந்தது. அதில் இடமும் உந்தமும் வெறும் எண்கள் அல்ல, ‘செயலிகள்’ எனப்படுவன. செயல்களுக்கு வரிசை முக்கியம். குளித்துவிட்டு உடுத்துவதும் உடுத்துக்கொண்டு குளிப்பதும் ஒன்றாகா அல்லவா? அதுபோலவே இடத்தை உந்தத்தால் பெருக்குவதும், உந்தத்தை இடத்தால் பெருக்குவதும் இப்புதிய மொழியில் வேறுவேறு விடைகளைத் தருகின்றன. அவ்வேற்றுமையின் அளவை நிர்ணயிப்பது பிளாங்க் மாறிலி. ஜூல்-விநாடி அளவில் அதனை எழுதினால், தசமப் புள்ளிக்குப் பின் 33 சுழியங்களை இட்டு, அதன்பின் 6626 என்று எழுதுதல் வேண்டும். அவ்வளவு நுண்ணியதாயினும், அது சுழியம் அன்று. அதன் காரணமாக, 1927-ம் ஆண்டில் ஹைசன்பர்க் காட்டியவாறு, ஒரு துகளின் இடத்தையும் உந்தத்தையும் ஒருங்கே முழுத் துல்லியமாக வரையறுத்தல் இயலாது. கட்டவெளியில் புள்ளி என்பதே பொருளற்றதாயிற்று. பிளாங்க் மாறிலியின் பரப்பளவு கொண்ட ஒரு மங்கலான திட்டே எஞ்சியது.

அப்படியானால் கட்டவெளியையே கைவிட்டுவிடலாமே என்று தோன்றும். பலர் அவ்வாறே எண்ணினர். ஆனால் சிலர் பழைய மொழியை மறக்க மனமின்றி, இரு மொழிக்கும் இடையே அகராதி ஒன்று செய்ய முற்பட்டனர். 1927-ம் ஆண்டில் ஹெர்மன் வைல் என்னும் ஜெர்மானியக் கணித மேதை, பழைய மொழிச் சொல் ஒவ்வொன்றுக்கும் நேரான புதிய மொழிச் செயலியைத் தரும் விதியொன்றை வகுத்தார். இடம் பெருக்கல் உந்தம் என்று பழைய மொழியில் வந்தால், இரு வரிசைகளையும் எடுத்து அவற்றின் சராசரியைக் கொள்க என்பது அவ்விதியின் எளிய உதாரணம். 1932-ம் ஆண்டில் யூஜின் விக்னர் எதிர்த்திசையில் நடந்தார். தாழ்ந்த வெப்பநிலையில் வாயுக்களின் பழைய கணக்கிற்குக் குவாண்டம் திருத்தம் காண முயன்ற அவர், குவாண்டம் நிலையொன்றைக் கட்டவெளியில் ஒரு பரவலாக எழுதிக் காட்டினார். அப்பரவலை லியோ சிலார்டும் தாமும் வேறொரு காரியத்திற்காக முன்னரே கண்டதாக அக்கட்டுரையில் ஒரு குறிப்பையும் சேர்த்தார்.

விக்னரின் பரவலில் வியப்பான குணமொன்று உண்டு. அதில் ஒவ்வோர் இடத்திற்கும் உந்தங்கள் அனைத்தின்மீதும் கூட்டிப் பார்த்தால் இடத்தின் நிகழ்தகவு சரியாக வரும். ஒவ்வோர் உந்தத்திற்கும் இடங்கள் அனைத்தின்மீதும் கூட்டிப் பார்த்தால் உந்தத்தின் நிகழ்தகவும் சரியாக வரும். ஆனால் பரவலிலேயே சில இடங்களில் எண் சுழியத்திற்குக் கீழே இறங்கி எதிர்மறை ஆகிவிடுகின்றது! நிகழ்தகவு எதிர்மறையாக இருக்க முடியுமோ? இவ்விடத்தில் சாலைத் தெருக் கடைக்காரரின் பேரேட்டை அன்பர்கள் நினைத்துக்கொள்க. அவருடைய கிடங்கில் அரிசி மூட்டை ‘குறை ஐந்து’ என்று ஒருநாளும் இராது. ஆனால் பேரேட்டில் ‘குறை ஐந்து’ என்ற வரி எழுதப்படலாம்; கடைசிக் கூட்டுத்தொகை சரியாகவே வரும். விக்னரின் பரவலும் பேரேடு போன்றதே அன்றிக் கிடங்கு அன்று. இதனை ‘போலி நிகழ்தகவு’ என்று கூறுவர்.

1940-ம் ஆண்டில் ஜப்பானின் கோடி ஹுசிமி, இப்பரவலைப் பிளாங்க் மாறிலியின் அளவிற்குச் சற்றே மங்கலாக்கினால் எதிர்மறை எண்கள் முற்றிலும் மறைவதைக் காட்டினார். ஆயின் அதற்கும் ஒரு விலை உண்டு: மங்கலாக்கிய பரவலிலிருந்து இடமும் உந்தமும் துல்லியமாக வருவதில்லை. 1946-ல் ஹாலந்து நாட்டின் கிரூனவோல்ட், 1949-ல் ஜோசே மோயால் ஆகிய இருவரும் தனித்தனியே, செயலிகளைத் தொடாமலே குவாண்டம் இயக்கவியல் முழுவதையும் கட்டவெளி மொழியில் எழுதிவிடலாம் என நிறுவினர். பரவல் எத்தனை? ஒன்றல்ல, பல. செயலிகளை எந்த வரிசையில் வைக்கின்றோமோ, அதற்கேற்ப அகராதியும் மாறுகின்றது.

இம்மோயாலின் கதை புலம்பெயர்ந்த குடும்பத்தாராகிய நாம் அறியத்தக்கது. 1910-ல் ஜெருசலேம் நகரிற் பிறந்தவர், பாரிஸில் பயின்றவர், 1940-ல் போரின் காரணமாகப் பிரான்சை விட்டு இங்கிலாந்து சேர்ந்தவர். பெரும் பதவியோ பெயரோ அற்ற நிலையில், அக்காலத்துப் பௌதிகத்தின் சிகரமாகிய டிராக்குக்குத் தம் கருத்தை எழுதினார். டிராக் ஐயுற்றார். நிகழ்தகவு எதிர்மறையாகும் கொள்கையை அவர் எளிதில் ஏற்கவில்லை. 1944 முதல் 1946 வரை கடிதங்கள் போயின, வந்தன. மோயாலின் கட்டுரை அச்சேறியது 1949-ல்தான். அக்கடிதங்கள் மோயாலின் மனைவியார் ஆன் மோயால் 2006-ல் வெளியிட்ட வாழ்க்கை வரலாற்றில் காணக் கிடைக்கின்றன. பெரியவர் ஒருவர் ஐயுற்றார் என்பதற்காக மோயால் தம் எண்ணத்தைக் கைவிடவில்லை. அவரை இகழவும் இல்லை. காலம் மோயாலின் பக்கம் நின்றது.

இனி நம் நாட்டிற்கு வருவோம். இந்நகருக்கு வடக்கே ஏறத்தாழ 150 கிலோமீட்டர் தொலைவிலுள்ள கோட்டயத்தை அடுத்த பள்ளத்தில், 1931-ம் ஆண்டு செப்டம்பர் 16-ந் தேதி பிறந்தவர் எண்ணக்கல் சாண்டி ஜார்ஜ் சுதர்சன். கோட்டயம் சி. எம். எஸ். கல்லூரியிலும் பின்னர் தாம்பரத்தில் உள்ள சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியிலும் பயின்றார். பம்பாயில் டாட்டா ஆராய்ச்சி நிலையத்தில் சில காலம் பணி புரிந்து, பின் அமெரிக்காவின் ராச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் 1958-ல் டாக்டர் பட்டம் பெற்றார். மாணவராயிருக்கும்போதே, 1957-ல், தம் ஆசிரியர் மார்ஷக்குடன் சேர்ந்து கதிரியக்கச் சிதைவை ஆளும் வலிமை குன்றிய விசைக்கு உரிய வடிவத்தைக் கண்டார். அது தனிக் கதை.

அக்காலத்தில் ஒளியைப் பற்றி ஒரு பெரிய வினா எழுந்திருந்தது. 1956-ல் ஹான்பரி பிரவுனும் டுவிஸ்ஸும், இரு கருவிகளில் விழும் ஒளியின் செறிவு ஒன்றாக ஏறி இறங்குவதை அளந்து காட்டினர். 1960-ல் லேசர் பிறந்தது. இவ்வொளிகளை விளக்கப் பழைய அலைக் கொள்கை போதுமோ, அன்றிக் குவாண்டம் மொழி வேண்டுமோ? ஒளியின் ஒவ்வோர் அதிர்வும் ஊஞ்சலைப் போன்றதே. ஆகவே அதற்கும் ஒரு கட்டவெளி உண்டு. அதிலே, ஊஞ்சலின் ஆட்டத்திற்கு மிக நெருங்கி வரும் குவாண்டம் நிலைகளுக்கு ‘ஓரியல் நிலைகள்’ என்று பெயர். சீராக ஒழுகும் லேசரின் ஒளி ஏறத்தாழ அத்தகையது.

1963-ம் ஆண்டு பிப்ரவரி முதல் தேதி, ஹார்வர்டைச் சேர்ந்த ராய் கிளாபர் ஒளியின் ஓரியல்பைக் குவாண்டம் மொழியில் வரையறுக்கும் கட்டுரையை வெளியிட்டார். ஏப்ரல் முதல் தேதியிட்ட அதே ஏட்டில், சுதர்சனின் மூன்று பக்கங்களுக்கு உட்பட்ட கட்டுரை வந்தது. ஒளியின் எந்தக் குவாண்டம் நிலையையும் ஓரியல் நிலைகளின் கலவையாக எழுதிவிடலாம்; ஒவ்வொன்றும் எவ்வளவு கலந்துள்ளது என்பதைக் கட்டவெளியில் ஒரு பரவலாகக் குறித்துவிடலாம் என்பதே அவர் கண்டது. ஒளிக்கருவிகள் ஒளித்துகளை விழுங்கியே அதனை அறிகின்றன. அதற்கு இயைந்த செயலி வரிசையில் அமைந்த அகராதி இதுவாகும். இப்பரவல் ஒரு நேர்மையான நிகழ்தகவாக அமைந்தால், பழைய அலைக் கணக்கும் குவாண்டம் கணக்கும் ஒரே விடையைத் தரும். பரவல் எதிர்மறையானாலோ, அதனினும் முரடாகி எண்ணாகவே எழுத முடியாததானாலோ, அவ்வொளியைப் பழைய மொழியால் சொல்லவே இயலாது.

அன்பர்களே, இங்கேதான் கதையின் சாரம் இருக்கின்றது. மொழிபெயர்ப்பு தோல்வியுறும் இடமே புதிய உண்மை வெளிப்படும் இடம். எதிர்மறை எண்ணைக் கண்டு, அகராதி பிழையென்று அதனைத் தூக்கி எறிந்தவர்கள் ஒன்றையும் காணவில்லை. அதனை ஓர் அறிகுறியாகக் கொண்டவர்கள், பழைய பௌதிகத்திற்கு அப்பாற்பட்ட ஒளியைத் தேடிச் சென்றனர், கண்டும் கொண்டனர். 1977-ல் அதே ராச்செஸ்டரில் கிம்பிள், டேகனே, மேண்டல் ஆகிய மூவர், ஒளித்துகள்கள் கூட்டமாக வராமல் ஒன்றைவிட்டு ஒன்று விலகி வரும் ஒளியை அளந்தனர்; அதற்குச் சுதர்சன் பரவல் நேர்மையான நிகழ்தகவாக அமையவே முடியாது. 1996-ல் அமெரிக்காவின் போல்டர் நகரில், பெரிலியம் அயனி ஒன்றைச் சிறைப்படுத்தி, அதன் விக்னர் பரவல் எதிர்மறையாவதைச் சோதனையால் வரைந்து காட்டினர். தலையணையை ஒருபுறம் அமுக்கினால் மறுபுறம் உப்புவது போல், மங்கலான திட்டை ஒரு திசையில் நெருக்கி மறு திசையில் விரித்த ‘நெருக்கிய ஒளி’ என்பதும் பழைய மொழிக்கு அடங்காததே. விண்ணிலிருந்து வரும் ஈர்ப்பு அலைகளை உணரும் அமெரிக்க லைகோ நிலையங்கள் 2019 முதல் இவ்வொளியைப் பயன்படுத்திக் கருவியின் இரைச்சலைக் குறைத்து வருகின்றன. பேரேட்டில் மட்டும் இருந்த ‘குறை’, விண்வெளியைக் கேட்கும் செவிக்குக் கூர்மை தந்தது.

புகழ் பற்றிய ஒரு கசப்பையும் மறையாமல் சொல்லுதல் வேண்டும். சுதர்சன் கண்ட பரவலை இன்று ‘கிளாபர்–சுதர்சன்’ பரவல் என்று இருவர் பெயராலும் வழங்குகின்றனர். 2005-ம் ஆண்டின் பௌதிக நோபல் பரிசில் பாதி, ஒளியின் ஓரியல்பிற்காகக் கிளாபருக்கு அளிக்கப்பட்டது. மறு பாதியை ஹால், ஹென்ஷ் இருவரும் வேறு பணிக்காகப் பெற்றனர். சுதர்சனுக்குப் பரிசில்லை. அவரும் பௌதிகர் வேறு சிலரும் பரிசுக் குழுவிற்குத் தம் ஆட்சேபத்தை எழுதினர், முடிவு மாறவில்லை. கிளாபரின் பணி பெரியது என்பதில் ஐயமில்லை. முதலில் வழி திறந்தவர் அவரே. எனினும் எந்த நிலைக்கும் பொருந்தும் பொதுத் தேற்றத்தை ஏப்ரலில் அச்சிட்டவர் சுதர்சன். அதே பரவலைக் கிளாபர் விரிவாக எழுதிய கட்டுரை செப்டம்பரில் வெளிவந்தது. தேதிகள் அச்சில் உள்ளன. அன்பர்கள் தாமே எடை போட்டுக்கொள்ளலாம். 2007-ல் பத்ம விபூஷணும் 2010-ல் டிராக் பதக்கமும் பெற்ற சுதர்சன், 2018-ம் ஆண்டு மே மாதத்தில் டெக்ஸாஸ் மாநிலத்து ஆஸ்டின் நகரில் காலமானார்.

சுதர்சன் கேரளத்தவர் என்று இங்குள்ளோர் பெருமை பாராட்டுவர். தாம்பரத்தில் படித்தவர் என்று நம்மவர் உரிமை கொண்டாடுவர். வழக்கு வேண்டியதில்லை. 1962-ல் அல்லாடி ராமகிருஷ்ணன் சென்னையில் நிறுவிய கணித விஞ்ஞான நிலையத்திற்கு, 1984 முதல் சில ஆண்டுகள் சுதர்சனே தலைமை தாங்கினார். அவரும் அவர் மாணவர் முகுந்தாவும், ராஜையா சைமனும் சேர்ந்து, ஒளிக்கற்றைகளைக் கட்டவெளியில் கையாளும் கட்டுரைகள் பலவற்றை 1980-களில் எழுதினர். அச்சென்னை நிலையத்திலிருந்தே சைமன் 2000-ம் ஆண்டில் ஓர் அழகிய முறையை வெளியிட்டார். இரண்டு ஒளிக்கற்றைகள் குவாண்டம் முறையில் பின்னிக் கிடக்கின்றனவா என்று அறியவேண்டுமானால், கட்டவெளியில் ஒன்றின் உந்தத்தை மட்டும் கண்ணாடியில் காண்பதுபோல் திருப்பிப் பாருங்கள். வரும் உருவம் இயற்கை அனுமதிக்காத உருவமாயின், இரண்டும் பின்னியே உள்ளன. எளிய வகை இருகற்றை நிலைகளுக்கு இச்சோதனை முழு விடை தந்துவிடும். ஐரோப்பாவில் டுவான் முதலிய நால்வர் வேறு வழியில் கண்ட விடையும் அதே இதழில் அடுத்தடுத்த பக்கங்களில் வெளிவந்தது. விக்னர் 1932-ல் வைத்த சொல்லை, 68 ஆண்டுகளுக்குப் பின் சென்னையில் ஒருவர் எடுத்து இவ்வளவு பொருள் காண முடிந்தது.

1963 என்னும் அதே ஆண்டில்தான், நவம்பர் 21-ந் தேதி, நம் நகரின் கடற்கரையாகிய தும்பாவிலிருந்து முதல் ராக்கெட் விண்ணில் எழுந்தது என்பதையும் நினைவூட்டுகின்றோம். அதன் புகையைக் கண்டவர் பலர். ஏப்ரலில் வந்த மூன்று பக்கக் கட்டுரையை அன்று இங்கே கண்டவர் மிகச் சிலராயிருப்பர். இரண்டும் இந்நாட்டுப் பிள்ளைகளுக்கு உரிய செல்வமே.

இனி ஞாயிற்றுக்கிழமை வகுப்பிற்கு வருவோம். பழைய மொழியை விட்டொழித்துப் புதியதை மட்டும் கற்றவர்கள் குவாண்டம் பௌதிகத்தில் நன்கு கணக்கிட்டனர், ஐயமில்லை. ஆனால் இரண்டையும் கையில் வைத்துக்கொண்டு, ஒன்றிலிருந்து மற்றொன்றிற்கு இடைவிடாது நடந்து, எங்கே கால் இடறுகின்றது என்று கவனித்தவர்களே புதிய ஒளியைக் கண்டனர். நம் பிள்ளை ‘வெள்ளம்’ என்ற சொல்லில் ஒருநாள் இடறி, ஏன் இடறினோம் என்று வீட்டில் வந்து கேட்குமாயின், அது மொழிகளைப் பற்றிப் பத்துப் பாடங்கள் கற்றதற்குச் சமம். அக்கேள்விக்கு விடை சொல்ல வீட்டிலே தமிழ் தெரிந்த ஒருவர் இருத்தல் வேண்டும். இரண்டாவது மொழியைச் சுமையென்று இறக்கி வைத்தபின், இடறுவதற்கும் இடமில்லை, கேட்பதற்கும் ஒன்றுமில்லை.

பௌதிகம் படிக்க விரும்பும் மகளையோ மகனையோ, பிழைப்புக்கு உதவாத படிப்பென்று தடுத்து நிறுத்தும் வீடுகளும் நம்மிடையே உண்டு. அவர்களுக்கு நாம் உபதேசம் செய்ய வரவில்லை. பாளையத்து மத்திய நூல்நிலையம் 1829 முதல் இந்நகரில் இருந்து வருகின்றது. 2008-ல் தொடங்கிய இந்திய விஞ்ஞானக் கல்வி ஆராய்ச்சி நிலையமும் இம்மாவட்டத்திலேயே விதுரையில் உள்ளது. பிள்ளையை ஒருமுறை அழைத்துச் சென்று காட்டிவிட்டு, அதன்பின் முடிவு செய்யுமாறு மட்டும் வேண்டுகின்றோம். முடிவுக்கு நம் மொழியிலுள்ள ‘அவசரம்’ வேண்டாம். அயலாரின் மொழியிலுள்ள ‘அவசரம்’ பிள்ளைக்குக் கிடைக்கட்டும்.

தமிழ் வகுப்பு வழக்கம்போல் வரும் ஞாயிறு காலையில் நடைபெறும்.